சிறு குடிநீர் அமைப்பு உங்கள் பொறுப்புக்கு வந்துவிட்டதா? குவாசூலு-நட்டாலில் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

கோயில் அறக்கட்டளைக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனேன். டர்பனுக்கு வடக்கே, கரும்புக் காட்டுக்கு நடுவில் ஒரு மேடு. கோயிலுக்குப் பின்னால் வயதானவர்களுக்கு வாடகைக்கு விட்ட 34 சிறு வீடுகள், ஒரு மண்டபம், ஒரு போர்வெல், நான்கு ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகள். நகராட்சிக் குழாய் அந்த மேட்டுக்கு ஏறவில்லை. இரண்டாவது கூட்டத்திலேயே தலைவர் ஒரு மஞ்சள் உறையை நீட்டி, “தம்பி, தண்ணீர் ஃபைலையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். உள்ளே பத்து வருடத்துக்கு முந்தைய ஓர் ஆய்வறிக்கையும் பம்ப் வாங்கிய ரசீதும் இருந்தன. அவ்வளவுதான் ஃபைல்.

அங்கிருந்து எல்லாம் ஒழுங்காக எனக்கு ஏழு மாதம் ஆனது. வரிசை தெரிந்திருந்தால் மூன்று மாதத்தில் முடித்திருப்பேன். அந்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். ஆசிரமம், பண்ணை, பள்ளி விடுதி என்று குழாய் வராத இடத்தில் பிறருக்குத் தண்ணீர் கொடுக்கும் யாருக்கும் இது பொருந்தும். சட்டம் தென்னாப்பிரிக்கா முழுவதற்கும் ஒன்றுதான். நான் ஏறி இறங்கிய அலுவலகங்கள் மட்டும் குவாசூலு-நட்டால் மாகாணத்தைச் சேர்ந்தவை.

1. சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார்?

இதை விட்டுவிட்டு நான் நேராக ஆய்வகத்துக்குப் போனேன். முதல் தவறு அதுதான்.

1997-ஆம் ஆண்டு நீர்ச் சேவைகள் சட்டம் (எண் 108) தண்ணீர் கொடுப்பவர்களை வகை பிரிக்கிறது. ஒரு பகுதியின் தண்ணீருக்கு முழுப் பொறுப்பாளி நீர்ச் சேவை ஆணையம், அதாவது ஒரு மாநகராட்சியோ மாவட்ட நகராட்சியோ, சில ஊர்களில் உள்ளூர் நகராட்சியோ. அதன் ஒப்புதல் இல்லாமல் யாரும் நீர் வழங்கும் நிறுவனமாக இயங்க முடியாது என்கிறது 22-ஆம் பிரிவு. அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நல்ல வேளையாக எங்களைப் போன்றவர்களுக்குத் தனி வகை உண்டு: இடைநிலை வழங்குநர். வாடகை, வேலை போன்ற வேறு ஓர் ஒப்பந்தத்தின் பகுதியாகத் தண்ணீரும் கொடுப்பவர் இந்த வகை. தொழிலாளர் குடியிருப்புக்குக் கொடுக்கும் பண்ணைக்காரரும், வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் அறக்கட்டளையும் இதில் வரும். அக்கம்பக்கத்தாருக்கு மீட்டர் வைத்துத் தண்ணீரை விற்றால் கதை வேறு. அப்போது 22-ஆம் பிரிவு உங்களைத் தேடி வரும்.

இடைநிலை வழங்குநர் பதிவு செய்ய வேண்டுமா என்பது உங்கள் ஆணையத்தின் துணை விதிகளைப் பொறுத்தது. பதிவு கேட்டாலும் கேட்காவிட்டாலும் தண்ணீரின் தரத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. “இது கோயில் தண்ணீர், இலவசம்” என்ற வாதம் எங்கும் எடுபடாது. எங்கள் கூட்டத்தில் இதை நான்கு பேர் சொன்னார்கள்.

பொறி: வீட்டு வரி பில் அனுப்பும் நகராட்சியே உங்கள் நீர்ச் சேவை ஆணையம் என்று நினைத்துவிடாதீர்கள். எதெக்வினியில் (டர்பன் மாநகராட்சி) இரண்டும் ஒன்றுதான். குவாடுகுசாவில் வரி உள்ளூர் நகராட்சிக்கு, தண்ணீர் இலெம்பே மாவட்டத்துக்கு. உம்சிந்தோ பக்கம் தண்ணீர் உகு மாவட்டத்தின் கையில். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ம்சுந்துசி நகராட்சியே ஆணையமாகவும் இருக்கிறது. இது தெரியாமல் ஒரு கவுண்டரில் மூன்று வாரம் நின்றேன். அவர்களும் இல்லை என்று சொல்லவில்லை, மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

2. காகிதங்கள்

எந்த அலுவலகத்துக்குப் போகுமுன்னும் இவற்றை ஒரே ஃபைலில் வையுங்கள்: நிலப்பத்திர நகல், அறக்கட்டளைப் பத்திரம் அல்லது சங்க விதிமுறை, உங்களுக்குக் கையெழுத்திடும் அதிகாரம் தரும் தீர்மானம், துளை போட்டவர் கொடுத்த போர்வெல் பதிவு, பம்ப் சோதனை அறிக்கை, வீடுகளும் குழாய்களும் குறித்த கை வரைபடம், எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்ற கணக்கு.

எங்களை அதிகம் தாமதப்படுத்தியது போர்வெல் சம்பந்தப்பட்ட காகிதம் என்று நினைத்தால் தவறு. அறங்காவலர்களுக்கு உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் கொடுக்கும் அதிகாரக் கடிதம்தான். அதில் இருந்த ஐந்து பெயரில் ஒருவர் காலமாகிவிட்டார், ஒருவர் மகளோடு ஆஸ்திரேலியா போய்விட்டார், தற்போதைய தலைவர் பெயரே இல்லை. கடிதம் பழையது என்றால் உங்கள் தீர்மானம் செல்லாது, தீர்மானம் செல்லாவிட்டால் மனு நிற்காது. இதை முதல் நாளே பாருங்கள். பெயர் மாற்ற மாதக்கணக்கில் ஆகலாம்.

போர்வெல் பதிவு தொலைந்துபோயிருந்தால் துளை போட்ட நிறுவனத்தைக் கேளுங்கள், பல பேர் நகல் வைத்திருக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் புதிதாக ஒரு பம்ப் சோதனை செய்துகொள்வதுதான் வழி. அது இல்லாமல் எவ்வளவு எடுக்கலாம் என்று உங்களுக்கே தெரியாது.

3. நிலத்தடி நீரை எடுக்க அனுமதி

இது வேறு சட்டம், வேறு அலுவலகம். 1998-ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டத்தின்படி (எண் 36) சொந்த வீட்டு உபயோகத்துக்கு எடுப்பது அதன் முதல் அட்டவணையில் வரும், உரிமம் வேண்டாம். 34 வீட்டுக்கும் ஒரு மண்டபத்துக்கும் எடுப்பதை அதில் அடக்கப் பார்க்காதீர்கள். அடுத்த படி பொது அங்கீகாரம்: நிலத்தின் பரப்பையும் அது எந்த வடிநிலத்தில் (மழைநீர் ஒரே ஆற்றுக்கு வடியும் பகுதி) இருக்கிறது என்பதையும் வைத்து ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு. அதற்குள் இருந்தால் தேசிய நீர், துப்புரவுத் துறையில் பதிவோடு பெரும்பாலும் முடிந்துவிடும். வரம்பைத் தாண்டினால் முழு உரிமம், நீரியல் ஆலோசகர், அதற்கான செலவு எல்லாம் உண்டு.

ஆகவே முதலில் ஒரு மீட்டர் பொருத்தி இரண்டு மாதம் அளந்து பாருங்கள். நாங்கள் அனுமானித்ததில் பாதிதான் உண்மையில் எடுத்துக்கொண்டிருந்தோம். அனுமானத்தை எழுதிக் கொடுத்திருந்தால் தேவையில்லாமல் உரிமத்துக்குள் மாட்டியிருப்போம்.

4. ஒரு காலை நேரம் நடந்து பாருங்கள்

போர்வெல் வாயிலிருந்து கடைசிக் குழாய் வரை கையில் நோட்டோடு நடக்க வேண்டும். மழை பெய்து முடிந்த காலையாக இருந்தால் மிக நல்லது. போர்வெல் தலையைச் சுற்றிச் சிமெண்ட் மேடை உடைந்திருக்கிறதா, மழைநீர் அங்கே தேங்குகிறதா, சரிவுக்கு மேலே கழிவுநீர்த் தொட்டி இருக்கிறதா, காற்றுக் குழாய்களில் வலை இருக்கிறதா, எங்காவது ரப்பர் குழாய் வாளிக்குள் மூழ்கிக் கிடக்கிறதா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் யார் சரிசெய்வார், எப்போது என்று எழுதிவிட்டால் அதுவே உங்கள் நீர்ப் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் பக்கம். தனியாக ஆலோசகர் வேண்டாம்.

இந்தப் பக்கத்தில் ஒரு விசேஷம், குரங்கு. எங்கள் மூன்றாவது தொட்டியின் மூடியைத் திருகிக் கழற்றக் கற்றுக்கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. மூடிக்குப் பூட்டு போடும் செலவு சொற்பம். அதைப் போடாததால் பட்ட பாடு எட்டாவது படியில் வருகிறது.

5. ஆய்வகம்

குடிநீருக்கான தேசியத் தரம் சான்ஸ் 241. ஆய்வகத்தில் கேட்டால் நடப்புப் பதிப்பு எது என்று சொல்வார்கள், அறிக்கையிலும் அது அச்சாகியிருக்க வேண்டும். 2015 பதிப்பை வைத்து நான் முதலில் பார்க்கும் எண்கள் இவை: ஈ-கோலை, அதாவது மலம் கலந்ததைக் காட்டும் கிருமி, 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட், நைட்ரஜன் கணக்கில், லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்குள். ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமுக்குள். ஆர்செனிக், ஈயம் இரண்டும் 10 மைக்ரோகிராமுக்குள். பி.எச். 5-லிருந்து 9.7 வரை. கலங்கல் 5 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) வரை கண்ணுக்கு ஓகே, ஆனால் குளோரின் ஒழுங்காக வேலை செய்ய 1-க்குள் இருக்க வேண்டும். இரும்பு 0.3 மில்லிகிராமைத் தாண்டினால் துணியில் கறை, 2-ஐத் தாண்டினால் உடம்புக்கே ஆகாது.

ஆய்வகம் சனாஸ் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டால் மட்டும் போதாது. அங்கீகாரம் சோதனைவாரியாகத் தரப்படுவது. ஐ.எஸ்.ஓ. 17025 என்ற ஆய்வகத் தரச் சான்றிதழோடு வரும் பட்டியலில் ஈ-கோலையும் நைட்ரேட்டும் இருக்கின்றனவா பாருங்கள். அறிக்கையில் சில முடிவுகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு, கீழே சின்ன எழுத்தில் “அங்கீகாரத்துக்கு உட்படாதது” என்று இருக்கும். எங்கள் முதல் அறிக்கையில் ஈ-கோலைக்கே அந்த நட்சத்திரம். பணம் போனது, அறிக்கையை யாரும் ஏற்கவில்லை.

செலவு: நாங்கள் கொடுத்தது, முழுப் பட்டியல் சோதனைக்கு ஏறக்குறைய 8,000 ராண்ட், கிருமிச் சோதனை மட்டும் ஒரு பாட்டிலுக்கு 500 ராண்ட் அளவில். மூன்று இடத்தில் விலை கேளுங்கள், வித்தியாசம் பெரிது. மாதிரி எடுக்க ஆள் அனுப்பினால் வண்டிச் செலவு தனி. நீங்களே எடுத்தால் மிச்சம், ஆனால் ஒழுங்காக எடுக்க வேண்டும்.

எடுக்கும் முறை: கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே கொடுக்கும் பாட்டில்தான். அதற்குள் இருக்கும் வெள்ளைத் தூள் குளோரினை முறிக்க வைத்தது. அழுக்கு என்று கழுவிவிடாதீர்கள், எங்கள் காவலாளி கழுவிவிட்டார். குழாய் முனையில் உள்ள வலையைக் கழற்றுங்கள், வாயைத் தீயாலோ ஸ்பிரிட்டாலோ சுத்தம் செய்யுங்கள், இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள், பிறகு பிடியுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேருங்கள். 24 மணி நேரம் தாண்டிய மாதிரியை ஆய்வகம் திருப்பிவிடும், அல்லது குறிப்போடு ஏற்கும், இரண்டும் வீண். வெள்ளிக்கிழமை வேண்டாம், சனி ஞாயிறில் எண்ண ஆள் இருக்காது என்று பல இடங்களில் வாங்குவதில்லை. திங்கள், செவ்வாய் நல்ல நாள்.

மூன்று இடத்தில் எடுங்கள்: போர்வெல் வாய், தொட்டிக்குப் பின், கடைக்கோடிக் குழாய். ஒரே இடத்தில் எடுத்தால் தப்பு எங்கே நடந்தது என்று தெரியாது.

கரும்பு வயல் சூழ்ந்த இடத்தில் நைட்ரேட்டை அலட்சியம் செய்ய வேண்டாம், உரம் கீழே இறங்கும். பால்புட்டிக் குழந்தைக்குத்தான் அது ஆபத்து. நைட்ரேட் உள்ள தண்ணீரைக் காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகி நைட்ரேட் இன்னும் செறிவாகும். அறிக்கையில் “நைட்ரேட்டாக” 49 என்று போட்டிருந்தால் அது “நைட்ரஜனாக” 11-தான், பயப்படுமுன் அலகைப் பாருங்கள்.

6. குளோரின்

என்னை அதிகம் திணறடித்த பகுதி. ஆனால் கணக்கு எளிது.

ஒரு 10,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வேண்டுமானால் 10 கிராம் குளோரின். குருணை குளோரினில் 65 சதவீதம்தான் குளோரின், ஆகவே சுமார் 15 கிராம் குருணை. ஒரு வாளித் தண்ணீரில் குருணையைப் போட்டுக் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் குருணையைப் போட வேண்டும், குருணை மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. வேறு எந்த நீச்சல்குள மருந்தோடும் அமிலத்தோடும் சேரவிடாதீர்கள், நச்சு வாயு வரும். பம்ப் அறையில் வைத்தால் கம்பியெல்லாம் துருப்பிடிக்கும்.

ஊற்றி அரை மணி நேரம் கழித்துத் தனிக் குளோரின் (எதோடும் சேராமல் கிருமியைக் கொல்ல மிச்சமிருப்பது) லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். கடைக்கோடிக் குழாயில் 0.2-க்குக் குறையக் கூடாது. சான்ஸ் மேல் வரம்பு 5, ஆனால் அவ்வளவு போட்டால் ஆயாக்கள் டீயைத் துப்பிவிடுவார்கள். பி.எச். 8-ஐத் தாண்டினால் குளோரினின் வேகம் குறையும்.

இதில் உள்ள பொறிகள் ஏராளம்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் பல குளக் குளோரின்களில் வெயிலுக்குக் கரையாமலிருக்க சயனூரிக் அமிலம் கலந்திருக்கும். அது குடிநீருக்கு ஆகாது. டப்பாவில் “நிலைப்படுத்தப்பட்டது” என்ற பொருளில் ஏதாவது இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். குடிநீருக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே எழுதிய கால்சியம் ஹைபோகுளோரைட்டாக வாங்குங்கள்.

திரவக் குளோரின் வாங்கினால் சின்ன கேன்களாக வாங்குங்கள். டர்பன் வெயிலில் அது வாரத்துக்கு வாரம் நீர்த்துப்போகும். நாங்கள் 12.5 சதவீதம் என்று நம்பி ஊற்றிக்கொண்டிருந்த கேன் ஆறு மாதப் பழசு.

சோதனைக் கருவியில் மஞ்சள் நிறம் வந்தால் அது குளத்துக்கான பழைய வகை. மொத்தக் குளோரினைக் காட்டும், தனிக் குளோரினைக் காட்டாது. இளஞ்சிவப்பு நிறம் தரும் டி.பி.டி. ஒன்றாம் எண் மாத்திரை வாங்குங்கள். அதிலும் ஒரு கண்கட்டு உண்டு: குளோரின் மிக அதிகமாக இருந்தால் நிறமே வெளுத்துப்போய்ச் சுழியம் போலத் தெரியும். சந்தேகமானால் மாதிரியோடு பத்து மடங்கு சுத்தமான தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள்.

இரும்பு, மாங்கனீசு உள்ள போர்வெல்லில் முதன்முறை குளோரின் போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். எங்கள் வீடுகளில் வெள்ளை வேட்டி நாலு போனது. முதலில் ஒரு வாளியில் போட்டுப் பாருங்கள். நிறம் மாறினால் வடிகட்டி வைத்த பிறகே தொட்டியில் குளோரின்.

தொட்டியைக் கழுவி முழுக் கிருமிநீக்கம் செய்யும்போது லிட்டருக்கு 50 மில்லிகிராம், அதாவது 10,000 லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் குருணை. ஒரு நாள் நிற்கவிட்டு, குழாய்களையும் அதே தண்ணீரால் நிரப்பி, பிறகு முழுதும் வெளியேற்றுங்கள். ஓடையில் விடாதீர்கள், மீன் செத்து மிதந்தால் அடுத்த கடிதம் வேறு துறையிலிருந்து வரும். எல்லா வீட்டுக்கும் முதல் நாளே சொல்லிக் குடத்தில் பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.

7. ஒரு நோட்டு

தேதி, நேரம், எந்தக் குழாய், குளோரின் அளவு, மீட்டர் எண், கையெழுத்து. தினமும் ஒரு வரி. சுகாதார ஆய்வாளர் முதன்முறை வந்தபோது அரை மணி நேரம் பார்த்தது இந்த நோட்டைத்தான். நல்ல எண்களை மட்டும் எழுதி வைத்த நோட்டை அவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லா நாளும் 0.5 என்று இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். குறைந்த நாளும், அன்று என்ன செய்தோம் என்பதும் இருக்கட்டும்.

அந்த ஆய்வாளர் நீர்ச் சேவை ஆணையத்தின் ஆள் என்று நினைத்தேன். அவர் தனிக் கிளை. 2003 தேசியச் சுகாதாரச் சட்டத்தில் நீர்த் தரக் கண்காணிப்பு, மாநகர, மாவட்ட நகராட்சிகளின் சுகாதாரப் பணி. ஒருவருக்குக் கொடுத்த அறிக்கை இன்னொருவர் மேசைக்குத் தானாகப் போகாது. இருவருக்கும் நகல் அனுப்புங்கள், பெற்றுக்கொண்ட தேதியை நகலில் எழுதி வாங்குங்கள்.

நாங்கள் வைத்திருக்கும் கால அட்டவணை: குளோரின் தினமும், ஈ-கோலை மாதம் ஒருமுறை, முழுப் பட்டியல் ஆண்டுக்கு ஒருமுறை. ஆணையம் உங்களுக்கு இதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அதுதான் கணக்கு.

8. ஈ-கோலை வந்துவிட்டால்

எங்களுக்கு வந்தது. 100 மில்லிலிட்டருக்கு 6. மூன்றாவது தொட்டி, குரங்கு, திறந்த மூடி.

அறிக்கை கிடைத்த அதே மணி நேரத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள்: நன்றாகக் கொதிக்கவிட்டு ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதித்த பிறகே குடிக்க, பல் விளக்க, குழந்தைப் பாலுக்கு. அறிவிப்பு ஆங்கிலத்திலும் இசிஜுலுவிலும் ஒட்டுங்கள். நான் தமிழிலும் ஒட்டினேன், ஆசைக்கு. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே மூன்று பேர்.

அன்றே ஆணையத்துக்கும் சுகாதாரப் பிரிவுக்கும் மின்னஞ்சல். மறைக்க நினைக்காதீர்கள். 2001-இல் வந்த தேசியத் தர விதிகளின்படி, உடல்நல ஆபத்து தெரிந்தால் ஆணையம் தேசியத் துறைக்கும் மாகாணச் சுகாதாரத் துறைக்கும் மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தச் சங்கிலியில் முதல் கண்ணி நீங்கள்தான். நாங்கள் சொன்னதற்கு யாரும் அபராதம் போடவில்லை. “மறு மாதிரி எப்போது?” என்றுதான் கேட்டார்கள்.

பிறகு: அந்தத் தொட்டியைத் துண்டியுங்கள், காரணத்தைக் கண்டுபிடியுங்கள், கழுவுங்கள், கிருமிநீக்கம், மறு மாதிரி. ஒரு நல்ல முடிவு வந்ததும் அறிவிப்பைக் கிழித்துவிடாதீர்கள். அடுத்தடுத்து இரண்டு நல்ல முடிவு வரும் வரை நாங்கள் வைத்திருந்தோம். மொத்தம் பதினொரு நாள். வீட்டுக்கு வீடு காஸ் சிலிண்டர் பணம் கேட்டு ஒரு சின்னக் கலவரமே நடந்தது. அதற்கும் ஒரு தொகை ஒதுக்கி வையுங்கள்.

9. மின்வெட்டு, டேங்கர், காவடி

மின்சாரம் போனால் பம்ப் மட்டும் நிற்பதில்லை, குளோரின் சொட்டும் கருவியும் நிற்கும். அழுத்தம் விழுந்த குழாய் வெளி அழுக்கை உள்ளே இழுக்கும். மின்சாரம் வந்ததும் முதல் தண்ணீரை ஓடவிட்டு, குளோரினைப் பார்த்த பிறகே குடிக்கச் சொல்லுங்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி அந்த ஊர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் டேங்கரை நம்பியிருந்தது நினைவிருக்கும். போர்வெல் வறண்டால் உங்களுக்கும் டேங்கர்தான். எங்கே நிரப்பினார்கள், இதற்கு முன் அந்த டேங்கரில் என்ன இருந்தது என்று கேளுங்கள். தொட்டியில் இறக்குமுன் குளோரின் பாருங்கள், சுழியமென்றால் இறக்கவிடாதீர்கள். ஓட்டுநர் கத்துவார், கத்தட்டும். நகராட்சித் தண்ணீர் என்றாலே சுத்தம் என்ற நம்பிக்கையையும் ஓரமாக வையுங்கள். குடிநீர் அமைப்புகளுக்குத் தேசியத் துறை நடத்தும் ப்ளூ டிராப் மதிப்பீட்டில், 2023-இல், நாடு முழுவதும் 958 அமைப்புகளில் 26-க்குத்தான் சான்று கிடைத்தது.

தைப்பூசம் இங்கே மழைக்காலத்தின் நடுவில் வருகிறது. 34 வீட்டுக்காக அமைத்த தொட்டியில் காவடி நாளன்று ஆயிரம் பேர் கை கால் கழுவுவார்கள், அன்னதானம் நடக்கும். தொட்டி காலியாகி மறுபடி நிரம்பும் வேகத்தில் குளோரினுக்கு அரை மணி நேரம் கிடைக்காது. ஆகவே இரண்டு தொட்டியை முந்தின இரவே நிரப்பி, குளோரின் போட்டு, அளந்து, வால்வைப் பூட்டிவிடுங்கள். அவை சமையலுக்கும் குடிப்பதற்கும் மட்டும். கால் கழுவுவது மற்ற இரண்டிலிருந்து. புரட்டாசிச் சனிக்கிழமைகளுக்கும், ஆடிக் கூழ் ஊற்றும் நாளுக்கும் இதே ஏற்பாடு. வால்வுச் சாவி பூசாரியிடம் இருக்க வேண்டாம், அவருக்கு அன்று ஆயிரம் வேலை. எங்கள் சாவி இப்போது ஏழாம் நம்பர் வீட்டு ஆயாவின் முந்தானையில் இருக்கிறது.